ஓஎல்இடி மொனிட்டர் வாங்கலாமா? திரையில் படம் பதியிறது இப்பவும் பிரச்சினையா?

உப்புவெளி_தீபன்
எல்லாருக்கும் வணக்கம். 27 அங்குல ஓஎல்இடி மொனிட்டர் ஒண்டு வாங்கிற யோசினையில நிக்கிறன். பகல்ல ஒரு விடுதிக்குக் கணக்கு, புக்கிங் எல்லாம் வீட்டில இருந்துதான் பார்க்கிறது. எக்செல் ஒரு பக்கம், பிரவுசர் மற்றப் பக்கம், விடிஞ்சால் பொழுதுபட்டால் அப்பிடியே அசையாமல் கிடக்கும். இரவில கேம், படம். கொழும்பு யூனிட்டி பிளாசாக் கம்பியூட்டர் கடையளில விசாரிச்ச இடத்தில "இப்ப வாற பெனல்ல பேர்ன்-இன் (படம் திரையில நிரந்தரமாப் பதியிறது) எல்லாம் இல்லை, அது பழைய கதை" எண்டு சொல்லிச்சினம். மச்சான் ஒருத்தன் "ஒரு வருசத்தில டாஸ்க்பார் பதிஞ்சு பெட்டி குப்பைக்குத்தான்" எண்டுறான். எது சரி? திருகோணமலை வெக்கையையும் கரண்டையும் கணக்கில வைச்சுச் சொல்லுங்கோ. வெளிநாட்டு வீடியோவில ஏசி அறைக்குள்ள இருந்து சொல்லுறது எங்களுக்குச் சரிவருமோ தெரியேல்லை.

ஹெட்ஷொட்_குமார்
வாங்கு மச்சான். யோசிச்சுக்கொண்டிருந்தால் டொலர்தான் ஏறும்.

வயர்க்கட்டு
தம்பி தீபன், கடைக்காரர் சொன்னதும் பாதி உண்மை, உங்கட மச்சான் சொன்னதும் பாதி உண்மை. மொனிட்டர், டிவி திருத்திறதுதான் என்ர தொழில், அநுராதபுரச் சந்திப் பக்கம். "படம் பதிஞ்சிட்டுது அண்ணே" எண்டு மேசைக்கு வாறதில கனக்க பேர்ன்-இன்னே இல்லை. எல்சிடிக்குப் பின்னால இருக்கிற வெளிச்சம் பரப்புற தாள் வெக்கையில நெளிஞ்சிருக்கும். எல்இடி பட்டியில ஒண்டு ரெண்டு செத்து ஒரு மூலை இருண்டிருக்கும். கடற்கரைப் பக்க வீடுகளெண்டால் ஈரமும் உப்பும் ஓரத்தால இறங்கி, பெனலுக்கு மேல ஒட்டியிருக்கிற பொலரைசர் தாள் கறுத்திருக்கும். இதுகளுக்கும் நீங்கள் திரையில என்ன வைச்சிருந்தீங்கள் எண்டதுக்கும் சம்பந்தம் இல்லை.

அதால முதல்ல கேக்க வேண்டியது, என்ன பெனல்? ஐபிஎஸ், விஏ, டிஎன் எல்லாம் எல்சிடிதான். மினி எல்இடி எண்டு விக்கிறதும் எல்சிடிதான், பின் வெளிச்சத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சிருக்கினம், அவ்வளவுதான். அதில ஒருநாளும் ஓஎல்இடி மாதிரித் தேயாது. ஓஎல்இடியில தேயும். தேயாதெண்டு எவன் சொன்னாலும் விக்கிறதுக்குச் சொல்லுறான். ஆனால் தேயிறது எவ்வளவு கெதியா எண்டது பாவிக்கிற ஆளில நிறையத் தங்கியிருக்கு.

கிண்ணியா_ஸப்ரி
அஸ்ஸலாமு அலைக்கும். வயர்க்கட்டு நானா, அப்ப என்ட கடைக் கதையக் கேளுங்க. சிசிடிவிக்கு ஒரு சாதாரண எல்இடி மொனிட்டர் பூட்டி வருசக்கணக்காகுது, ராப்பகலா எரியிது. நாலு கெமரா, நடுவுல சிலுவ மாதிரிக் கோடு, மூலையில தேதி. போன கிழம மகன் அதக் கழட்டி லெப்டொப்புல கொழுவிப் பாக்கான், வெள்ளத் திரையில அந்த நாலு கட்டமும் அப்புடியே தெரியிது. இது எல்சிடி தானே? பதியாதெண்டு சொல்றீங்க?

வயர்க்கட்டு
ஸப்ரி, அது நல்ல கேள்வி. எல்சிடியிலயும் நிழல் நிக்கும், ஆனா அது வேற சாமான். உடன கழட்டி எறிய வேண்டாம். யாராவது படிச்ச பிள்ளையள் இருந்தால் விளக்கத்தை எழுதுங்கோவன், நான் கையால செய்யிற ஆள்.

மலர்_கோணேசபுரி
நான் முயற்சி செய்கிறேன் அண்ணா. கம்பஸில் கம்பியூட்டர் சயன்ஸ் படிக்கிறேன். பௌதிகம் ஏ/எல் வரைக்கும்தான், ஆனால் இந்த விஷயத்தை ஓரளவு தேடி வாசித்திருக்கிறேன்.

எல்சிடியில் பிக்சல் தானாக ஒளிர்வதில்லை. பின்னால் வெள்ளை எல்இடி எரிந்துகொண்டே இருக்கும். திரவப் படிகம் திரும்பும் அளவைப் பொறுத்து அந்த வெளிச்சம் முன்னால் வரும் அல்லது மறிபடும். படிகத்துக்குக் கொடுக்கும் வோல்ட்டேஜ் ஒரே திசையில் நிற்காது, நேர், எதிர் என்று மாறிக்கொண்டே இருக்கும். ஒரே திசையில் கொடுத்தால் அந்தத் திரவத்துக்குள் இருக்கும் மாசு அயனிகள் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், அதைத் தவிர்க்கத்தான் இந்த மாற்றம். ஆனால் நேரும் எதிரும் துல்லியமாகச் சமன்படுவதில்லை. ஒரே படம் நெடுநேரம் நின்றால் அந்தச் சின்ன மிச்சம் சேர்ந்துகொண்டே போகும். அயனிகள் சேர்ந்த இடத்தில் படிகம் சொன்ன அளவுக்குத் திரும்பாது. அதுதான் ஸப்ரி நானா பார்க்கும் நாலு கட்டம்.

பெரும்பாலும் இது தானாகவே கலையும். மொனிட்டரை நிறுத்தி வைத்தால் அல்லது முழு வெள்ளை, அசையும் படம் எதையாவது ஓடவிட்டால் அயனிகள் மெல்லப் பிரிந்துவிடும். சில நிமிடத்திலும் போகலாம், சில மணித்தியாலமும் எடுக்கலாம். வருடக்கணக்காக இரவு பகல் ஒரே படம் என்றால் ஒரு சுவடு நிரந்தரமாக நிற்கவும் கூடும். சூடு கூடினால் அயனிகளின் ஓட்டம் கூடும் என்பதால் வெக்கையான இடத்தில் இது சீக்கிரம் வரும்.

ஓஎல்இடியில் நடப்பது வேறு. அங்கே ஒவ்வொரு பிக்சலும் தானே எரிகிறது. ஒளி தருவது சேதனச் சேர்வை, அது எரிய எரிய வலு குறையும். நீலம்தான் மிகவும் பலவீனம், ஏனென்றால் நீல ஒளியின் சக்தி அதிகம், அந்தச் சக்தியே சேர்வையைச் சிதைக்கிறது. திரை முழுவதும் ஒரே அளவில் தேய்ந்தால் கண்ணுக்குப் பிடிபடாது. பழைய வீட்டு வாசற்படியில் கால் படும் நடுப்பகுதி மட்டும் குழிவதைப் போல, டாஸ்க்பார் இருக்கும் இடம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கூடத் தேயும்போதுதான் அதன் உருவம் தெரிகிறது. அது திரும்பாது. வெள்ளைத் திரையை எத்தனை மணித்தியாலம் ஓடவிட்டாலும் அது கலையாது, மிச்சப் பிக்சல்களும் சேர்ந்து தேயும், அவ்வளவுதான்.

கிண்ணியா_ஸப்ரி
மாஷா அல்லாஹ், இப்ப விளங்குது. அப்ப இண்டைக்கு ராவைக்கு வெள்ளத் திரைய ஓடவிட்டுப் பாக்கன்.

பழைய_கிளாக்கர்
பிள்ளையள், இதெல்லாம் உங்களுக்குப் புதுசு. நான் கந்தோரில வேலை செய்த காலத்தில பச்சை எழுத்துத் திரைதான். மெசினை நிப்பாட்டின பிறகும் மெனு அப்பிடியே கண்ணாடியில தெரியும், தலைப்புக்கூட வாசிக்கலாம். அது கண்ணாடியின் உட்பக்கம் பூசியிருக்கிற பொஸ்பர், எலக்ட்ரோன் அடிச்சு அடிச்சுக் கருகிறது. ஸ்கிரீன் சேவர் எண்டதே அதுக்குத்தான் வந்தது. 1989 இல ஆஃப்டர் டார்க் எண்டு ஒண்டு வந்தது, அதில சிறகு முளைச்ச டோஸ்டர் பறக்கும். பிறகு விண்டோசில குழாய் குழாயா ஓடும். நெட் கபேக்குப் போன ஆக்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இப்பவும் சில வீட்டில எல்சிடிக்குக் குழாய் ஓடவிட்டிட்டுச் சோறு தின்னப் போகினம். பின் வெளிச்சம் முழுசா எரியுது, கரண்ட் பில்லும் சேர்ந்து ஓடுது. திரையை நித்திரைக்கு விடுங்கோ, போதும்.

சும்மா_கேக்கிறன்
எனக்கொரு சந்தேகம். டெல், எம்எஸ்ஐ, அசூஸ் எல்லாரும் ஓஎல்இடி மொனிட்டருக்கு பேர்ன்-இன்னையும் சேர்த்து 3 வருச வொரன்டி எண்டு அறிவிச்சிருக்கினம். 2022 இல வந்த முதல் கியூடி-ஓஎல்இடி (ஓஎல்இடியில ஒரு வகை) மொனிட்டர், டெல்லின்ர ஏலியன்வேர் 34 அங்குலம், அதுக்கே 3 வருசம். கம்பனிக்காரன் நட்டத்துக்கு வியாபாரம் செய்வானா? பதியாதெண்ட நம்பிக்கைதானே? நீங்கள் ஏன் பெடியனை வெருட்டுறீங்கள்?

வயர்க்கட்டு
வெருட்டேல்லை. 3 வருசத்துக்குள்ள கண்ணுக்குக் குத்திற அளவுக்கு வராதெண்டு அவன் கணக்குப் பார்த்திருக்கிறான், அது உண்மையாயிருக்கும். நாங்கள் இங்க மொனிட்டர் ஒண்டை எவ்வளவு காலம் வைச்சிருக்கிறம்? என்ர மேசையில பத்து வருசப் பெட்டி கிடக்கு. தம்பி ஒரு எல்சிடி வாங்கினால் அது அவற்ற மோளின்ர ஓ/எல்லுக்கும் உதவும். ஓஎல்இடி எண்டால் நாலாம் வருசத்தில இருந்து தன் பொறுப்பு.

அதோட அந்த வொரன்டி எந்த நாட்டுப் பெட்டிக்கு? கடையில தாற வொரன்டி கம்பனி வொரன்டியா, கடையின்ர சொந்த வொரன்டியா? "பேர்ன்-இன் உட்பட" எண்டு பில்லில எழுதித் தரச் சொல்லுங்கோ. வாயால சொல்லுறது பேந்து நிக்காது.

ஹெட்ஷொட்_குமார்
என்ர பழைய போன் அமோலெட், அதுவும் ஓஎல்இடிதான். பப்ஜி பட்டன் எல்லாம் பதிஞ்சு கிடக்கு. வாட்ஸப் பார்க்கேக்கயும் குனியலாம், சுடலாம். ஆனா வித்துப்போட்டன், வாங்கினவனும் பப்ஜிக்காரன்தான்.

சும்மா_கேக்கிறன்
அவனுக்குப் பட்டன் தேட வேண்டியதில்லை.

நிலாவெளி_ஷட்டர்
இந்த இழையில ஓஎல்இடி உண்மையா வைச்சிருக்கிற ஆள் நான் மட்டும்தான் போல. கலியாணவீட்டுப் படம் எடுத்து எடிட் செய்யிறன். 34 அங்குல கியூடி-ஓஎல்இடி, வாங்கி ரெண்டு வருசத்துக்கு மேல. நாளுக்குப் பாதி நாள் எடிட்டிங் மென்பொருள் திறந்திருக்கும், வலப்பக்கத்தில சாம்பல் நிறப் பெட்டி, கீழ படங்களின்ர வரிசை.

பதிஞ்சிருக்கா? ஓம். அறையை இருட்டாக்கி, முழுத் திரையும் நடுச் சாம்பல் நிறம் போட்டுப் பார்த்தால் வலப்பக்கப் பெட்டியின்ர ஓரம் ஒரு கோடு மாதிரித் தெரியும். வேலை செய்யேக்க தெரியுமா? தெரியாது. தேடினால் மட்டும் தெரியும். ஆனா நான் நிறம் பார்த்துச் சம்பாதிக்கிற ஆள் எண்டபடியால் அது எனக்கு ஒரு முள்ளு. கேம் விளையாடுற ஆளுக்கு ஒண்டுமே இல்லை.

தீபன், உங்களுக்கு நான் முக்கியமாச் சொல்லுறது வெளிச்ச அளவைப் பற்றி. 100 வீதத்தில வைச்சிருந்தால் கெதியாத் தேயும். இரவில, யன்னல் மூடின அறையில, 120 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கிற அலகு) தாராளம். நான் பகல்லயும் அதுக்கு மேல போறதில்லை, திரைச்சீலையை இழுத்து விட்டிட்டு வேலை செய்யிறன். டாஸ்க்பாரைத் தானா மறைய விட்டிருக்கிறன். பின்னணி கறுப்பு, ஏனெண்டால் கறுப்பில அந்தப் பிக்சல் எரியிறதே இல்லை. அஞ்சு நிமிசம் கை படாட்டில் திரை அணைஞ்சிடும். எக்செலையும் பிரவுசரையும் எப்பவும் சரிபாதியாப் பிரிச்சு வைக்காதேங்கோ, நடுக்கோடு முதல்ல வரும். சில நாள் இடம் மாத்தி வையுங்கோ.

இன்னொண்டு, எழுத்து. கனக்க ஓஎல்இடி மொனிட்டரில சிவப்பு, பச்சை, நீலம் அடுக்கியிருக்கிற விதம் எல்சிடி மாதிரி இல்லை, சின்ன எழுத்தின்ர ஓரத்தில மெல்லிய நிறம் தட்டும். 4கே எண்டால் பிக்சல் நெருக்கம், கண்ணில படாது. 27 அங்குலத்தில பிக்சல் குறைஞ்ச 1440 எண்டால் எக்செல் இலக்கங்களில அந்த நிறத்தைக் காணலாம். வாங்க முதல் ஒருக்கா நேரில போய்ப் பாருங்கோ.

உப்புவெளி_தீபன்
அக்கா, நன்றி. அந்தப் பிக்சல் ரிஃப்ரெஷ் எண்டு சொல்லுறாங்களே, அது என்ன செய்யும்? அது இருந்தால் பதியாதெண்டுதான் கடையில சொன்னவை.

நிலாவெளி_ஷட்டர்
ஒரு நாலு மணித்தியாலம் பாவிச்ச பிறகு, நீங்கள் மொனிட்டரை நிப்பாட்டினதும் அது தானாத் தொடங்கும். சில நிமிசம் எடுக்கும். அதைவிடப் பெரிய சுத்து ஒண்டு ஆயிரக்கணக்கான மணித்தியாலத்துக்கு ஒருக்கா வரும், அது ஒரு மணித்தியாலம் அளவில ஓடும். எந்தப் பிக்சல் எவ்வளவு தளர்ந்திருக்கு எண்டு அளந்து, தளர்ந்ததுக்குக் கொஞ்சம் கூடக் கரண்ட் குடுத்து மற்றதோட சமன் செய்யும். தேய்மானத்தை மாத்தாது. கூடக் குடுக்கக் கரண்ட் கையிருப்பு இருக்கிற வரைக்கும் மறைக்கும், அவ்வளவுதான்.

இதில ஒரு சங்கதி இருக்கு, எங்கட ஊரில ஒருத்தரும் யோசிக்கிறதில்லை. அது ஓட வேணுமெண்டால் மொனிட்டர் நிப்பாட்டினபிறகும் சுவரில கரண்ட் இருக்கவேணும். எங்கட வீடுகளில என்ன செய்யிறம்?

உப்புவெளி_தீபன்
ஐயோ. அம்மா பத்து மணிக்கு வீடு முழுக்கச் சுத்தி எல்லாப் பிளக்கையும் ஓஃப் பண்ணிப்போட்டுத்தான் படுப்பா. மின்னலெண்டால் ரௌட்டர் வயரையும் கழட்டி வைப்பா.

மலர்_கோணேசபுரி
எங்கட அம்மம்மா பகலிலும் கழட்டுவார். மழைக்கு மேகம் கறுத்தாலே போதும்.

வயர்க்கட்டு
அம்மாக்களைக் குறை சொல்லாதேங்கோ. ஐப்பசி, கார்த்திகை இடியில எத்தினை போர்டு கருகி என்னட்ட வந்திருக்கு. மின்னல் நேரத்தில கழட்டத்தான் வேணும், பேர்ன்-இன் பார்த்துக்கொண்டு நிண்டால் முழுப் பெட்டியும் போகும்.

ஆனா ஷட்டர் பிள்ளை சொன்னது பெரிய உண்மை. ஓஎல்இடி டிவியளில இதைத்தான் நான் காணுறன். வீட்டில ரிமோட்டால நிப்பாட்டின கையோட சுவர் சுவிட்சையும் அமத்துறது. அந்த டிவி வாங்கின நாள் முதல் ஒருக்காக்கூடத் தன்னைச் சமன் செய்ததில்லை. பிறகு சனலின்ர சின்னம் மூலையில பதிஞ்சிட்டுது எண்டு தூக்கிக்கொண்டு வாறது. வெளிநாட்டில இந்தச் சுவிட்சுப் பழக்கம் குறைவு, அதால அங்க எழுதுற ஆக்கள் இதைப் பெரிசாச் சொல்லுறதில்லை.

செய்ய வேண்டியது சுகம். வேலை முடிஞ்சதும் மொனிட்டரின்ர சொந்தப் பட்டனால நிப்பாட்டுங்கோ. லைட் சிமிட்டி ஓயும் வரைக்கும், ஒரு கால் மணித்தியாலம் விடுங்கோ. பல்லுத் தீட்டி வர நேரம் சரி. பிறகு அம்மா தாராளமா ஓஃப் பண்ணலாம். 2022 மார்ச்சில 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போன மாதிரிக் காலம் திரும்ப வந்தால் சின்ன யூபிஎஸ் ஒண்டு வையுங்கோ. சுத்து நடுவில கரண்ட் போனால் அந்த முறை வேலை முடியாமல் நிக்கும், பிறகு மெனுவுக்குள்ள போய்த் திரும்பத் தொடக்கிவிடலாம்.

சும்மா_கேக்கிறன்
சரி, வெக்கை? ஆனி ஆடியில கச்சான் அடிக்கேக்க என்ர அறை அடுப்பு மாதிரி. அதுவும் மொனிட்டரைத் தின்னுமா?

மலர்_கோணேசபுரி
தின்னும். ஓஎல்இடி சேர்வை சூட்டில் வேகமாகச் சிதையும். அதனால்தான் சில மொடல்களில் பின்னால் சூட்டைக் கடத்தும் கிரஃபீன் தகடு, சிலதில் விசிறியே வைத்திருக்கிறார்கள். அறைச் சூடு மட்டும் பெட்டியைக் கொன்றுவிடாது. ஆனால் அறைச் சூடு, முழு வெளிச்சம், அசையாத படம் மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம்தான் மோசம். மேற்குப் பக்க யன்னலுக்கு நேரே பின்புறம் காட்டி வைக்காதீர்கள். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

பழைய_கிளாக்கர்
உவர்மலையில மேற்குப் பார்த்த அறையில இருக்கிற எனக்கு மொனிட்டரைவிட நான்தான் கெதியாத் தேயிறன்.

வயர்க்கட்டு
இன்னொரு கேள்வி அடிக்கடி வாறது, அதையும் சொல்லிவிடுறன். பாவிச்ச மொனிட்டர் வாங்கிற ஆக்கள் எப்பிடிப் பார்க்கிறது? முழுத் திரையும் நடுச் சாம்பல் போட்டுக் கொஞ்சம் தள்ளி நிண்டு பாருங்கோ, பிறகு சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொண்டாப் போடுங்கோ. நிழல் தெரிஞ்சால் ஸ்கிரீன்ஷொட் எடுத்து போனுக்கு அனுப்புங்கோ. போன்ல அந்த நிழல் இல்லையெண்டால் பெனல்தான். இருந்தால் உங்கட கம்பியூட்டர் பக்கம் ஏதோ. விக்கிறவன் கறுப்பு வோல்பேப்பர் போட்டுக் காட்டினால் அவன் விசயம் தெரிஞ்சவன், கவனம்.

உப்புவெளி_தீபன்
எல்லாருக்கும் நன்றி. நான் இப்பிடி முடிவெடுத்திருக்கிறன். பழைய 24 அங்குல ஐபிஎஸ் நல்லாத்தான் இருக்கு, அது சும்மா 20 வாட் அளவில குடிக்கும். கணக்கு, புக்கிங் எல்லாம் அதிலயே கிடக்கட்டும். ஓஎல்இடியைப் பக்கத்தில வைச்சு இரவில மட்டும் போடுறன், பகல்ல அது நித்திரை. அப்ப எக்செல் கோடு எங்க பதியப்போகுது?

நிலாவெளி_ஷட்டர்
இது நல்ல யோசினை. எனக்கும் மேசையில இடம் இருந்தால் இதைத்தான் செய்வன். கேமிலயும் உயிர்க்கோடு, வரைபடம் மூலையில அசையாமல் நிக்கும் எண்டதை மறவாதேங்கோ. ஒரே கேமை மாசக்கணக்கா விளையாடுற ஆளெண்டால் மட்டும்.

ஹெட்ஷொட்_குமார்
அவன் அந்த ஆள்தான்.

சும்மா_கேக்கிறன்
நான் இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை. அந்தக் காசுக்கு நல்ல மினி எல்இடி வரும், ஒரு பயமும் இல்லாமல் பகலும் இரவும் பாவிக்கலாம்.

நிலாவெளி_ஷட்டர்
வரும். ஆனா கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து ஓடேக்க எழுத்தைச் சுத்தி ஒளிவட்டம் தெரியும். அது உங்களுக்குப் பரவாயில்லையெண்டால் அதை வாங்குங்கோ. எனக்குச் சரிவராது.

கிண்ணியா_ஸப்ரி
நானா, சொன்ன மாதிரி மொனிட்டர ஒரு நாள் நிப்பாட்டி வச்சி, பொறகு ரெண்டு ராவு வெள்ளத் திரை ஓடவிட்டன். நாலு கட்டமும் போய்ட்டு. தேதி நிண்ட மூல மட்டும் இன்னும் லேசாத் தெரியிது. இனிப் போகுமா?

வயர்க்கட்டு
அந்த மிச்சம் போகாமலும் விடலாம் ஸப்ரி. சிசிடிவிக்குத்தானே, அதே மூலையில அதே தேதிதான் திரும்ப வரப்போகுது, ஒருத்தருக்கும் தெரியாது. திரும்பப் பூட்டேக்க வெளிச்சத்தைப் பாதியாக் குறையுங்கோ. கடை பூட்டின பிறகு கெமரா பதியட்டும், மொனிட்டரை நிப்பாட்டிவிடுங்கோ, இரவில அதை ஆர் பாக்கிறது?

கிண்ணியா_ஸப்ரி
பூனதான்.